கிண்ணம் வெறுமையாகத் திரும்புவதில்லை

2013 நவம்பர் நடுப்பகுதி. ஹிஜ்ரி 1435, முஹர்ரம் பிறை பத்து. இஸ்தான்பூலின் ஆசியக் கரையில் உஸ்குதாரைச் சேர்ந்த குஸ்குன்ஜுக் என்ற சிறு குடியிருப்பில், ஒரு பழைய மரவீட்டின் மேல்மாடி அறையில் நான் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். அஸர் தொழுது சற்று நேரம் கழிந்திருக்கும், யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்து பார்த்தால் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி. கையிலே தட்டம், தட்டத்தில் ஐந்தாறு கண்ணாடிக் கிண்ணங்கள். ஒன்றை எடுத்து நீட்டி, "அம்ஜா, ஆஷூரே" என்றாள். அம்ஜா என்றால் சாச்சா என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆஷூராவை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நான் நன்றி சொல்வதற்குள் அவள் அடுத்த கதவுக்குப் போய்விட்டாள்.

கஞ்சி என்றும் சொல்ல முடியாது, பாயாசம் என்றும் சொல்ல முடியாது. கோதுமை, கடலை, வெள்ளை அவரைவிதை, உலர்ந்த அப்ரிகொட், அத்திப்பழம், முந்திரிகை வற்றல் எல்லாம் ஒன்றாக வெந்து குழைந்திருந்தன. மேலே மாதுளை முத்துக்கள், உடைத்த அக்ரூட் பருப்பு, கறுவாத் தூள். நூஹ் (அலை) அவர்களின் கப்பல் கரை தட்டிய நாளில், மிஞ்சியிருந்த தானியங்களையெல்லாம் ஒரே பானையில் இட்டுச் சமைத்தார்கள். அதன் நினைவே இது என்பது துருக்கியர் சொல்லும் கதை. கதைக்கு ஆதாரம் தேடுவது வீண். பானைக்கு ஆதாரம் கையிலேயே இருந்தது.

வீட்டுக்காரர் கப்பல்களில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். அறுபது வயதிருக்கும். துறைமுகங்களில் பொறுக்கிய ஆங்கிலம் பேசுவார். நான் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு கீழே இறங்கியபோது படியில் மறித்து, "வெறுங் கிண்ணத்தையா கொண்டுபோகிறீர்கள்?" என்று கேட்டார். அயல்வீட்டிலிருந்து வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாதாம். என் பெட்டியில் இனிப்பென்று எதுவுமில்லை. ஊரிலிருந்து கொண்டுபோன தேயிலைப் பக்கற் ஒன்று கிடந்தது. அதைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தேன். சிறுமியின் தாய் முகர்ந்து பார்த்துவிட்டு முகம் மலர்ந்து "சேலான் சாய்" என்றார். நம் நாட்டுத் தேயிலைக்கு அங்கே அதுதான் பெயர்.

இந்த வழமை எனக்குப் புதிதல்ல. பெருநாளைக்கு வட்டிலப்பம் போன வீட்டிலிருந்து திரும்பி வரும் பீங்கானில் ஒரு பிடி சீனியாவது இருக்கும். என் உம்மும்மாவும் அப்படித்தான் அனுப்புவார். ஆனால் துருக்கியைப் பற்றி நாம் படித்தவை வேறு. கிலாபத்தைப் படித்தோம். 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்ற அனுமதி மறுக்கப்பட்டதையும், அதற்காக மருதானைப் பள்ளிவாசலில் கூடிய கூட்டத்தையும் படித்தோம். அவர்களுடைய தொப்பி தெரிந்த அளவுக்கு அவர்களுடைய அடுப்படி நமக்குத் தெரியாது. ஊர் திரும்பிய பின் அந்த அடுப்படி பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசிக்கத் தொடங்கினேன். எழுத வேறு விஷயமில்லையா என்று நண்பரொருவர் கேலி செய்தார். எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு இனிப்புப் போனது என்று பார்த்துக்கொண்டே போனால் அது அரசியல் வரலாறாகிவிடுகிறது என்பதை அவருக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை.

முதலில் சீனியின் நிலையை மனதிற்கொள்ள வேண்டும். உஸ்மானியர் காலத்தில் பாமரனுக்கு இனிப்பு என்றால் தேன், அல்லது திராட்சைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய பெக்மெஸ் என்ற பாகு. சீனி எகிப்திலிருந்தும் சைப்ரஸிலிருந்தும் வரவேண்டும். 1517இல் எகிப்தும் 1571இல் சைப்ரஸும் உஸ்மானியர் வசமான பின்னரும் அது பணக்காரப் பண்டமாகவே இருந்தது. தொப்காபி மாளிகையின் சமையற்கட்டுகளில் ஹெல்வாஹானே என்று தனியொரு பகுதி உண்டு. அல்வா, ஷர்பத், பழப்பாகு மட்டுமல்ல, மருந்து லேகியங்களும் அங்கேதான் தயாராயின. பக்லாவா பற்றிய மாளிகைக் குறிப்பு, கொன்ஸ்தாந்திநோபிளை வென்ற சுல்தான் முஹம்மத் பாத்திஹின் காலத்ததான 1473ஆம் ஆண்டுச் சமையற்கட்டுக் கணக்கில் வருகிறது. 1582இல் மூன்றாம் முராத் தன் மகனின் சுன்னத் விழாவை ஐம்பது நாட்களுக்கு மேல் நடத்தினார். சீனியால் செய்த மிருகங்களை அவ்விழா ஊர்வலத்தில் தூக்கிச் சென்றார்கள். சீனியையே காணாத சனங்கள் தெருவோரத்தில் நின்று சீனி யானையைப் பார்த்திருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் காட்டுவது அரசர்களின் வழமை போலும்.

இந்தக் காட்டுதலின் உச்சம் பக்லாவா ஊர்வலம். யெனிச்சேரிகள் எனப்பட்ட சுல்தானின் காலாட்படையினர் தலைநகரிலேயே குடியிருந்தார்கள். றமழான் பிறை பதினைந்தில் சுல்தான், மாளிகையில் பாதுகாக்கப்பட்டுவந்த பெருமானார் (ஸல்) அவர்களின் போர்வையைத் தரிசிப்பார். அதே நாளில் படையினருக்கு மாளிகையிலிருந்து பக்லாவா. பத்துப் பேருக்கு ஒரு தட்டம். துணியால் மூடிக் கட்டிய தட்டங்கள் மாளிகை முற்றத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். முதலாவது தட்டம் சுல்தானுடைய பங்கு. ஏனெனில் படைப்பதிவேட்டில் அவரே முதலாவது யெனிச்சேரி. அவர் சார்பில் ஓர் அதிகாரி அதைப் பெற்றுக்கொள்வார். பிறகு ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இருவர் இருவராக முன்வந்து தட்டத்தைத் தூக்க, வாசல்கள் திறக்கும், ஊர்வலம் பாளையத்துக்குப் புறப்படும். வீதியின் இருமருங்கும் சனங்கள். தட்டமும் துணியும் மறுநாள் மாளிகைக்குத் திரும்பிவிட வேண்டும்.

அவை வெறுமையாகத்தான் திரும்பின. அயல்வீட்டுக் கிண்ணத்துக்குரிய சட்டம் இந்தத் தட்டத்துக்குக் கிடையாது. சுல்தான் எதிர்பார்த்த பதில் பலகாரமன்று, பணிவு. அதற்கும் ஓர் இனிப்பு இருந்தது. மூன்று மாதத்துக்கொருமுறை சம்பளம் கொடுபடும் நாளில் படையினர் சார்பில் பிரதம வசீருக்கும் பிரதானிகளுக்கும் அகீதெ என்ற கட்டிச் சீனி மிட்டாய் கொடுக்கப்படும். அது நம் அகீதா என்ற சொல்லே என்பர். சம்பளத்திலும் ஆட்சியிலும் எங்களுக்குக் குறையில்லை, எங்கள் விசுவாசம் உறுதியானது என்பது அந்த மிட்டாயின் பொருள். மிட்டாய் வராவிட்டால் வசீருக்கு அன்றிரவு தூக்கமில்லை.

யெனிச்சேரிகளின் உலகமே அடுப்படிச் சொற்களால் ஆனது. பிரிவின் தளபதிக்குச் சோர்பாஜி, அதாவது சூப்புக்காரர் என்று பட்டம். கொடியைவிட அவர்கள் பெரிதாக மதித்தது பொதுக் கிடாரத்தை. சம்பள நாளில் மாளிகை முற்றத்தில் சூப்பும் சோறும் ஸெர்தா என்ற குங்குமப்பூப் பாயாசமும் வைக்கப்படும். படையினர் ஓடிவந்து உண்டால் நாடு அமைதி. கைகட்டி நின்றால் ஆபத்து. கிடாரத்தைத் தூக்கிவந்து சதுக்கத்தில் கவிழ்த்துவிட்டால் அது கலகம். இன்றைய துருக்கி மொழியிலும் கலகம் செய்வதைக் குறிக்கக் கிடாரத்தைத் தூக்குதல் என்ற தொடர் உண்டு.

1826 ஜூன் மாதத்தில் அவர்கள் கடைசித் தடவையாகக் கிடாரங்களைச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். சுல்தான் இரண்டாம் மஹ்மூத் இதற்காகவே காத்திருந்தவர் போலப் பாளையத்தின் மீது பீரங்கிகளைத் திருப்பினார். ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஜூன் 15இல் நிகழ்ந்த இந்த அழிப்புக்கு அரச வரலாற்றாசிரியர்கள் 'நன்னிகழ்வு' என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டு றமழான் பிறை பதினைந்து ஏப்ரல் மாதக் கடைசியில் வந்திருந்தது. பக்லாவாவின் நாளுக்கும் பீரங்கிக்கும் இடையே இரண்டு மாதங்கள்கூட இல்லை. பக்லாவா ஊர்வலமும் அத்தோடு முடிந்தது.

மேலிருந்து வந்த எல்லாமே இப்படியில்லை. வக்பு செய்யப்பட்ட இமாரத்துகள் என்ற அன்னசாலைகளில், தினமும் சூப்பும் ரொட்டியும் உண்ட மாணவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஏழைகளுக்கும் வெள்ளிக்கிழமை இரவிலும் பெருநாட்களிலும் ஸெர்தா கிடைத்தது. சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம் 1550களில் ஜெரூசலத்தில் நிறுவிய அன்னசாலையின் வக்பு ஏற்பாட்டிலும் இது உண்டு. ஏழைக்கு வயிறு நிறைந்தால் போதுமென்று விட்டுவிடாமல், வாரத்தில் ஒருநாள் அவன் நாவும் இனிக்கட்டும் என்று சாசனத்தில் எழுதி வைத்தார்களே, அதை நான் சீனி யானையைவிடப் பெரிதாக மதிக்கிறேன். மனிசா நகரில் இன்னொரு கதை. சுலைமானின் தாய் ஹப்ஸா சுல்தான் நோயுற்றபோது மர்கஸ் எபெந்தி என்பவர் 41 சரக்குகளைச் சேர்த்து லேகியம் கிண்டிக் கொடுத்துக் குணமாக்கினார் என்பார்கள். அதன் ஞாபகமாக ஒவ்வொரு ஆண்டும் அந்த லேகியத்தைக் காகிதத் துண்டுகளில் மடித்து, சுல்தான் பள்ளிவாசலின் மினாராவிலிருந்தும் குப்பாக்களிலிருந்தும் கீழே வீசுகிறார்கள். 2012இல் யுனெஸ்கோ இதனைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இலக்கிய நண்பர்களுக்குப் பிடித்தமான ஒன்றையும் சொல்லவேண்டும். குளிர்கால இரவுகளில் வீடுகளில் கூடி, கவிதையும் கதையும் பேசி, இறுதியில் அல்வா உண்டு கலையும் அல்வாப் பேச்சு என்ற கூடல்கள் இருந்தன. 1718 முதல் 1730 வரையிலான துலிப் காலத்தில் பிரதம வசீர் இப்ராஹீம் பாஷா சுல்தானையே அழைத்து இவற்றை நடத்தினார். 1730இல் தெருக் கலகம் வெடித்தது. வசீரின் உயிரும் சுல்தானின் அரியணையும் போயின. ஆனால் அல்வாப் பேச்சு போகவில்லை. அது சாதாரண வீடுகளில் நெடுங்காலம் தொடர்ந்தது. நம் இலக்கியக் கூட்டங்களில் தேநீரோடு வரும் பிஸ்கட்டை நினைத்துக்கொண்டேன்.

வீட்டு இனிப்புகளின் கணக்கு பிறப்பிலிருந்து தொடங்குகிறது. பிள்ளை பிறந்தால் கறுவாவும் கராம்பும் இட்டுக் காய்ச்சிய சிவப்பு ஷர்பத். பெண்கேட்டு முடிந்தால் இனிப்பு. 'இனிப்பு உண்போம், இனிமையாகப் பேசுவோம்' என்பது அவர்கள் வாயில் எப்போதும் இருக்கும் தொடர். மௌலூதைப் பொறுத்தவரை, புர்ஸா நகரத்து சுலைமான் செலெபி 1409இல் துருக்கி மொழியில் இயற்றிய காவியத்தையே இன்றும் ஓதுகிறார்கள். ஆமினா நாயகியின் தாகத்துக்கு ஷர்பத் கொடுக்கப்பட்டதாக அதில் ஒரு கட்டம் வரும். சபையில் ஷர்பத் பரிமாறும் வழமையை அந்தக் கட்டத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். முடிவில் காகிதச் சுருளில் மிட்டாய் கொடுபடும். நம்மவர்களின் நார்சாப் பொட்டலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மரண வீட்டில் ரவையையோ மாவையோ வெண்ணெயில் வறுத்து அல்வாக் கிண்டுவார்கள். கிண்டும் கரண்டி கைமாறிக்கொண்டே இருக்கும். வந்தவர் ஒவ்வொருவரும் சற்று நேரம் கிண்டி ஒரு பாத்திஹா ஓதுவார். வறுபடும் மணம் அயலெங்கும் பரவ வேண்டும் என்பார்கள். இஸ்மீர் பக்கத்தில், இறந்தவரின் பெயரால் தெருவிலே தாச்சியை வைத்து, லொக்மா என்ற மா உருண்டைகளைப் பொரித்துப் பாகில் தோய்த்து, போவோர் வருவோருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கிறார்கள். வரிசையில் நிற்பவருக்கு இறந்தவர் யாரென்றே தெரியாது. வாங்கி உண்டு, துஆ செய்துவிட்டுப் போகிறார். ஏழு, நாற்பது, ஐம்பத்திரண்டு என்று நாட்கணக்கும் உண்டு. இந்த நாட்கணக்குக்கு மார்க்கத்தில் அடிப்படையில்லை என்று துருக்கியின் மத விவகாரத் தலைமையகமும் சொல்கிறது. கத்தம், கந்தூரி பற்றி நமதூர்களில் மூண்ட வாதங்களில் பள்ளிவாசல்கள் இரண்டாகப் பிரிந்ததைக் கண்டவன் நான். எந்தப் பக்கத்து நியாயத்தையும் இங்கே எடை போடப் போவதில்லை. நாளைக் கணக்கிடுவது வேறு, அயலானுக்கு ஊட்டுவது வேறு. முதலாவதைத் தள்ளும் வேகத்தில் இரண்டாவதும் பல வீடுகளில் நின்றுபோனது எனக்குக் கவலை.

பெயர்ச் சண்டை அங்கும் உண்டு. நோன்புப் பெருநாளைச் சிலர் றமழான் பைராமி என்பர், சிலர் ஷெக்கெர் பைராமி, அதாவது சீனிப் பெருநாள் என்பர். பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களின் கையை முத்தமிட்டு மிட்டாய் வாங்கும் நாள் அது. சீனிப் பெருநாள் என்பது மார்க்கத்தைத் தண்ணீராக்கும் பெயரென்பது பக்தர்களின் குறை. இதற்கிடையில் ஒரு சுவையான விளக்கம்: பழைய அரபு எழுத்தில் ஷீன், காப், றா என்ற மூன்றெழுத்தையும் ஷெக்கெர் என்றும் வாசிக்கலாம், ஷுக்ர் என்றும் வாசிக்கலாம். ஷுக்ருப் பெருநாளையே பின்னர் சீனிப் பெருநாளாக வாசித்துவிட்டார்களாம். 1928இல் எழுத்து மாறிய பின் இரண்டும் வேறு வேறாகிவிட்டன. இந்த விளக்கத்துக்குச் சான்று பலமில்லை. ஆனால் அரபுத் தமிழில் ஊறிய நமக்கு அதை ரசிக்காமல் இருக்க முடியாது.

வெளியுலகு அதிகம் அறிந்த லொக்கும் பற்றி நான் நீட்டப் போவதில்லை. அதன் முழுப்பெயர் ராஹதுல் ஹுல்கூம், தொண்டைக்குச் சுகம். கஸ்தமோனுவிலிருந்து தலைநகர் வந்த ஹாஜி பெகிர் 1777இல் திறந்த கடை இன்றும் இயங்குகிறது. பின்னாளில் இனிப்புக்கு உரிமை கோரும் சண்டைகள் வந்தன. 2006இல் சைப்ரஸ் கிரேக்கர்கள் பக்லாவாவைத் தம்முடையதென விளம்பரப்படுத்தியபோது துருக்கிய பக்லாவாக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். 2013 டிசம்பரில் காஸிஅந்தெப் நகரத்து பக்லாவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. வணிகருக்கு அது தேவைதான். ஆயினும் அந்தச் சண்டையைப் படிக்கும்போது, ஒரே தெருவில் இருந்தவர்கள் பிரிந்தபின் பாத்திரங்களுக்காக வழக்காடுவது போலிருக்கிறது.

ஏனெனில் அவர்கள் ஒரே தெருவில்தான் இருந்தார்கள். எனக்கு வந்த ஆஷூராவை ஓர் ஆர்மேனியரிடம் காட்டினால் அனுஷாபூர் என்பார். கோதுமையும் உலர்பழங்களும் சேர்த்துப் புதுவருடத்துக்கும் நத்தாருக்கும் அவர்கள் சமைப்பது. கிரேக்கர்கள் அவித்த கோதுமையில் சீனியும் மாதுளை முத்தும் கலந்து இறந்தோர் நினைவுக்குக் கொல்லிவா செய்வர். முஹர்ரத்தில் கர்பலாவை நினைத்துப் பன்னிரண்டு நாள் நோன்பிருக்கும் அலவிகள் அது முடிந்ததும் ஆஷூரா சமைப்பர். 1915இல் ஆர்மேனியர்கள் அனதோலியாவிலிருந்து துடைத்தெறியப்பட்டார்கள். 1923இல் லோசானில் ஒப்பமிட்ட உடன்படிக்கைப்படி, ஏற்கனவே ஓடிப்போனவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 12 இலட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், 4 இலட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கும் இடம் மாற்றப்பட்டார்கள். கெல்வெரி என்ற ஊரிலிருந்து போனவர்கள் கவாலாவுக்கு அருகில் குடியேறி, தம் வாதுமைக் குராபியாவை அங்கேயும் சுட்டார்கள். இன்று அந்தக் கிரேக்க ஊருக்குப் பெயரே அந்தப் பலகாரத்தால்தான். 1990 ஒக்டோபருக்குப் பின் வடக்கிலிருந்து வந்த நம் உறவினர்களின் அடுப்படிகளில் யாழ்ப்பாணம் மணந்ததை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

இஸ்தான்பூல் கிரேக்கர்களுக்கு 1923இல் விலக்குக் கிடைத்தது. ஆனால் 1955 செப்டம்பர் 6, 7இல் அவர்களுடைய கடைகளும் கோயில்களும் நொறுக்கப்பட்டன. சைப்ரஸ் பிரச்சினையை முன்னிட்டு 1964இல் கிரேக்கப் பிரசாவுரிமை உடையோர் நாடுகடத்தப்பட்டார்கள். ஒருவருக்கு 20 கிலோ பொதி மட்டுமே அனுமதி. குஸ்குன்ஜுக்கில் பள்ளிவாசலும் ஆர்மேனியக் கோயிலும் ஒட்டினாற்போல் நிற்கின்றன. யூதத் தொழுகை மனையும் கிரேக்கக் கோயிலும் சில எட்டுத் தூரத்தில். சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கிறார்கள்.

தேயிலையைக் கொடுத்துவிட்டு வந்த அன்றிரவு வீட்டுக்காரர் என்னைக் கீழே அழைத்தார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பீங்கானை இறக்கி மேசையில் வைத்தார். நீலக் கரையிட்ட பழைய பீங்கான், ஓரத்தில் சிறு உடைவு. எதிர்வீட்டில் ஒரு கிரேக்கக் குடும்பம் இருந்ததாம். அவருக்கு அப்போது பதினொரு வயது. 1964 மே மாத ஆரம்பத்தில் அவர்களுடைய ஈஸ்டர் வந்தது. வழமைபோல அந்த வீட்டுத் தாய் இந்தப் பீங்கானில் இனிப்பு ரொட்டி அனுப்பினார். இவருடைய தாய், வெறுமையாகத் திருப்பக் கூடாதே, முஹர்ரம் வருகிறது, ஆஷூரா சமைத்து இதிலேயே கொடுக்கலாம் என்று கழுவி எடுத்து வைத்தார். அந்த ஆண்டு ஆஷூரா மே 22இல் வந்தது. இடையில் மூன்று வாரங்கூட இல்லை.

"உம்மா அன்றைக்குச் சமைத்தார். இதை நிரப்பி என் கையில் தந்தார். நான் வீதியைக் கடந்து போய்த் தட்டினேன்," என்றார்.

கதவு திறக்கவில்லை. வாரத் தொடக்கத்திலேயே அவர்கள் போய்விட்டிருந்தார்கள். தெருவில் யாரும் அதைப்பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. அவருடைய உம்மா மௌத்தாகும் வரை அந்தப் பீங்கானில் யாரையும் உண்ண விடவில்லையாம். அது நம்முடையதல்ல, அமானிதம் என்பாராம். துருக்கி மொழியிலும் அந்தச் சொல்தான். எமானெத்.

பீங்கானைச் சட்டைக் கையால் துடைத்து, மீண்டும் மேல்தட்டில் ஏற்றி வைத்தார். பிறகு என் தேயிலையில் மீதி ஏதும் உண்டா என்று கேட்டார்.